என்பில்லா உயிர்களும் எம்பெருமான் சந்நிதியும்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆலயங்களில் கும்பாபிஷேகம் நிகழும்போது, மூலமூர்த்தியைப் பீடத்தோடு பொருத்துவதற்காக அஷ்டபந்தன மருந்து இடிக்கும் ஓசையை அடியார்கள் கேட்டிருப்பார்கள். கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் என்னும் எட்டுப் பொருள்களையும் அளவறிந்து சேர்த்து, இடித்து, இளக்கி, மூர்த்திக்கும் பீடத்துக்கும் இடையிலுள்ள வெளியில் சாத்துவர். இந்த எட்டில் இரண்டு, பூச்சிகள் தந்தவை.

கொம்பரக்கு என்பது மரக்கொம்புகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டியிருந்து சாற்றை உறிஞ்சி வாழும் அரக்குப்பூச்சியின் உடலிலிருந்து கசிந்து உறையும் பிசின். கடுகளவும் இல்லாத அந்தப் பூச்சி தன்னையும் தன் குஞ்சுகளையும் காப்பதற்காகக் கட்டிக்கொள்ளும் வீடு அது. ஓர் இலட்சம் பூச்சிகள் சேர்ந்தால்தான் கைப்பிடி அரக்குக் கிடைக்கும் என்பதால் வடமொழியில் அதற்கு இலாக்ஷா என்று பெயர் வந்தது என்பர். தேன்மெழுகோ வேலைக்காரத் தேனீயின் வயிற்றின் அடிப்புறத்திலுள்ள சுரப்பிகளிலிருந்து மெல்லிய செதில்களாக வெளிவருவது. ஆகம விதிப்படி அமைந்த கருங்கல் மூர்த்தியை அசையாமல் நிறுத்திவைக்கும் திருப்பணியில் இவ்விரு பூச்சிகளுக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. உபயகாரர் பெயர்ப்பலகையில் இவற்றின் பெயர் இல்லை என்பது வேறு விடயம்.

இன்னும் எண்ணிப் பார்த்தால் பட்டியல் நீளும். அபிஷேகத்துக்குத் தேன் வேண்டும். ஒரு தேனீ தன் வாழ்நாள் முழுவதும் பறந்து திரிந்து சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் ஏறத்தாழப் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அப்படியானால் பூசகர் ஒரு தேக்கரண்டி தேனைச் சிவலிங்கத்தின் மேல் சொரியும்போது பன்னிரண்டு உயிர்களின் ஆயுட்கால உழைப்பு அங்கே ஒழுகுகிறது. சுவாமிக்குச் சாத்தும் பட்டு, புழு தன்னைச் சுற்றிக்கொண்ட கூட்டின் நூல். ஒரு கூட்டிலிருந்து ஒரே இழையாக ஒரு கிலோமீற்றர் அளவுக்கு நூல் வரும். ஆனால் அந்த இழை அறாமல் கிடைப்பதற்காகப் புழுவைக் கூட்டோடு வெந்நீரில் இட்டுக் கொன்றுவிடுகிறார்கள். காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகள் பட்டுப்புடைவையை விலக்கும்படி பலமுறை உபதேசித்தது இந்தக் காரணத்தாலேயே. ஒரு கூறைச்சேலையின் பின்னே எத்தனை ஆயிரம் உயிர்கள் என்று எண்ணுவோர் குறைவு. சங்காபிஷேகத்துக்கு வேண்டிய சங்கும், அம்பாளின் ஆபரணத்திலுள்ள முத்தும் பவளமும் கடல்வாழ் சிற்றுயிர்கள் தந்தவை.

இவை அனைத்துக்கும் முதுகில் எலும்பு இல்லை. விஞ்ஞான பாடநூல்கள் முள்ளந்தண்டிலிகள் என்று சொல்லும் கூட்டம் இது. பூச்சி, புழு, சிலந்தி, நண்டு, இறால், கணவாய், நத்தை, சங்கு, பவளம், கடலட்டை எல்லாம் இதற்குள் அடங்கும். திருவள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் புழுவைக் குறிக்க எடுத்துக்கொண்டதும் எலும்பில்லாமை என்னும் இந்த ஓர் அடையாளத்தைத்தான். சந்நிதிக்கு இத்தனையும் கொடுத்த கூட்டம், தானே சந்நிதிக்குள் வந்துவிட்டால் விளக்குமாற்றுக்கு இரையாகிறது.

சைவ சமயம் இவ்வுயிர்களை எங்கே வைத்திருக்கிறது என்பதைச் சிறிது பார்ப்பது நல்லது. நால்வகைத் தோற்றம், எழுவகைப் பிறப்பு, எண்பத்து நான்கு இலட்சம் யோனிபேதம் என்று சைவ வினாவிடை படித்த பிள்ளைகளும் சொல்வார்கள். ஆன்மா என்ற அளவில் எறும்புக்கும் யானைக்கும் பேதம் இல்லை. எடுத்த உடம்பில்தான் பேதம். மாணிக்கவாசக சுவாமிகள் தாம் கடந்துவந்த பிறவிகளைச் சிவபுராணத்தில் எண்ணும்போது புழுவையும் அந்த வரிசையில் வைத்தார். திருநாவுக்கரசு சுவாமிகள் திருப்பாதிரிப்புலியூரில், தாம் புழுவாகப் பிறக்க நேர்ந்தாலும் இறைவன் திருவடி தம் மனத்தில் நீங்காதிருக்க வேண்டும் என்று வரம் கேட்டார். புழுவுக்கும் மனம் உண்டு, அந்த மனத்தில் திருவடி இருக்க இடம் உண்டு என்று கருதியவரே இப்படிக் கேட்க முடியும்.

உலகிலுள்ள உயிரினங்கள் ஏறத்தாழ 87 இலட்சம் இருக்கலாம் என்று 2011ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டார்கள். உடனே, 84 இலட்சம் என்று முன்னோர் அன்றே சொல்லிவிட்டார்கள் என மேடைகளில் முழங்கியவர்களும் உண்டு. அந்த மதிப்பீட்டில் 13 இலட்சம் கூடலாம், குறையலாம் என்று அவர்களே சொல்லியிருப்பதால் இந்த மார்தட்டலால் பயன் இல்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. இதுவரை பெயரிடப்பட்ட விலங்கினங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்டவை முள்ளந்தண்டு இல்லாதவை. பூச்சிகள் மட்டும் ஏறத்தாழப் பத்து இலட்சம் இனங்கள். ஆகவே பிறவிகளைப் பற்றிப் புராணிகர் பேசும்போது ஆடும் மாடும் மனிதரும் மட்டும் கேட்பவர் மனத்தில் வந்தால், அது கதையில் மிகச் சிறிய ஒரு பகுதிதான்.

தலபுராணங்கள் இதை மறக்கவில்லை. திருச்சிராப்பள்ளிக்கு அருகே திருவெறும்பூர் என்றொரு தலம். அப்பர் சுவாமிகளின் பாடல் பெற்றது. தாரகாசுரனால் துன்புற்ற தேவர்கள் அசுரன் அறியாதிருக்க எறும்பு வடிவெடுத்து மலையேறி, சிவலிங்கத்துக்கு மலர் சாத்தப் போனார்கள். லிங்கத் திருமேனி வழுவழுப்பாக இருந்தது. எறும்புகள் ஏறுவதும் வழுக்கி விழுவதுமாக இருந்தன. இறைவன் தம் திருமேனியைப் புற்றுமண் போலச் சொரசொரப்பாக்கி, எறும்புகள் ஏறுவதற்கு வாய்ப்பாக ஒரு பக்கம் சாய்ந்தும் கொடுத்தார். எறும்பீசர் என்ற திருநாமம் இதனால் வந்தது. இன்றும் அங்கே மூலலிங்கம் சாய்ந்தே காட்சி தருகிறது, மண் திருமேனி ஆதலால் நீர் அபிஷேகமும் இல்லை. அசுரனை அழிக்கக் கேட்டவர்களுக்காக இறைவன் முதலில் செய்த காரியம், எறும்பின் காலுக்குப் பிடிமானம் கொடுத்தது.

திருவானைக்காவின் கதை இதனிலும் ஆழமானது. வெண்ணாவல் மரத்தின் கீழ் எழுந்தருளியிருந்த இறைவன்மேல் சருகு விழாதபடி சிலந்தி ஒன்று தன் வாய்நூலால் விதானம் அமைத்தது. நீர் முகந்துவந்து வழிபட்ட யானை, அதை அசுத்தம் என்று எண்ணி அழித்தது. சிலந்தி மீண்டும் கட்டியது, யானை மீண்டும் அழித்தது. கடைசியில் சிலந்தி துதிக்கைக்குள் புகுந்து கடிக்க, இரண்டும் மாண்டன. அந்தச் சிலந்தியே கமலவதியார் வயிற்றில் கோச்செங்கட் சோழராகப் பிறந்து, யானை ஏற முடியாத மாடக்கோயில்களைக் கட்டி, அறுபத்து மூன்று நாயன்மார்களுள் ஒருவராக வைத்து எண்ணப்படுகிறார் என்று பெரியபுராணம் கூறும். இக்கதையில் யானை தீயது அன்று, அதுவும் அடியார்தான். பெரிய உடம்பு எடுத்தவருக்குச் சிறிய உடம்பின் தொண்டு ஒட்டடையாகத் தோன்றிவிடுகிறது என்பதே அங்குள்ள சிக்கல். கும்பாபிஷேகத்துக்கு முன் ஒட்டடை அடிப்பது வேண்டியதுதான். ஆனால் தடி எடுக்கும் இளைஞருக்கு இக்கதை தெரிந்திருந்தால் கை சற்று மெதுவாகப் போகும்.

குறுந்தொகையின் இரண்டாவது பாடலைப் பாடியவர் இறையனார். தருமி என்னும் வறிய அந்தணருக்காகச் சோமசுந்தரக் கடவுளே எழுதிக்கொடுத்தது அது என்பது திருவிளையாடல் மரபு. சங்கத்திலே நக்கீரர் குற்றம் கண்டது அந்தப் பாட்டில்தான். குற்றம் உண்டா இல்லையா என்ற வாதத்தைப் பட்டிமன்றங்கள் ஓயாமல் நடத்துகின்றன. அந்தப் பாட்டில் கடவுள் யாரை விளித்துப் பேசுகிறார் என்பதை மட்டும் பலர் கவனிப்பதில்லை. தேன் தேடும் தும்பி ஒன்றைத்தான். பூக்களை உண்மையாக அறிந்தது நீ, ஆகையால் நீயே சொல் என்று கேட்கும் பாங்கில் அமைந்த பாட்டு அது.

இனி, இந்த மலரைக் கையில் வைத்திருப்போரின் ஊருக்கு வரலாம். மயிலிட்டி நிற்கும் நிலமே என்பில்லா உயிர்களின் உடம்பு.

இது அலங்காரப் பேச்சு அன்று. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் பரந்து கிடப்பது சுண்ணக்கல். மயோசீன் எனப்படும் காலத்தில், ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன், இவ்விடமெல்லாம் ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலாக இருந்தபோது அங்கே வாழ்ந்து மடிந்த சங்கு, சிப்பி, பவளம் முதலியவற்றின் ஓடுகளும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் ஓடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதே இந்தக் கல். கிணறு வெட்டியவர்கள் பாறையை உடைக்கும்போது உள்ளே சிப்பியின் வடிவம் பதிந்திருப்பதைக் கண்டிருப்பார்கள். 1950ஆம் ஆண்டிலிருந்து 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இந்தக் கல்லைத்தான் அகழ்ந்து அரைத்தது. இலங்கையின் பல பாகங்களிலும் எழுந்த மாடிகளுக்குள் இந்தக் கரையின் சிப்பிகள் இருக்கின்றன.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. மாரிமழை இந்தச் சுண்ணக்கல்லின் வெடிப்புகளிலும் குகைகளிலும் இறங்கி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் நன்னீர்ப் படலமாக மிதந்து நிற்பதால்தான் கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. கடலோரத்தில் கீரிமலையில் நன்னீர் ஊறுவதும், நகுலேஸ்வரப் பெருமான் சந்நிதியில் அடியார்கள் பிதிர்க்கடன் தீர்த்து நீராடுவதும் இந்தக் கல்லின் துளைகளால் ஆனவை. கல்லைத் தந்தவை சங்கும் பவளமும். காலையில் வாளியில் அள்ளும் நீரும், அதனால் செய்யும் அபிஷேகமும் அவற்றின் கொடை.

1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் ஊர் இடம்பெயர்ந்தது. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அகப்பட்ட மயிலிட்டியின் துறைமுகப் பகுதி 2017 ஜூலையில் விடுவிக்கப்படும்வரை 27 ஆண்டுகள் மனிதர் தம் வீடுவாசல் பார்க்கவில்லை. முகாம்களில் பிறந்து முகாம்களிலேயே திருமணம் முடித்தவர்கள் முதன்முறையாகத் தாய் தந்தையரின் வளவைக் கண்டபோது, கூரை இல்லாத சுவர்களைப் பிளந்துகொண்டு ஆலும் அரசும் நின்றன. காணி எல்லை தெரியாதபடி பற்றை மூடியிருந்தது. அந்தத் துயரத்தை எழுத இந்தக் கட்டுரை போதாது. ஆனால் அந்த ஆலும் அரசும் எப்படி வந்தன என்பதைச் சொல்ல வேண்டும், ஏனெனில் மனிதர் இல்லாத அந்த 27 ஆண்டுகளிலும் ஒரு சிற்றுயிர் தன் வேலையை ஒரு நாளும் நிறுத்தவில்லை.

ஆல், அரசு, அத்தி ஆகியவை பூப்பதை யாரும் கண்டதில்லை. இவற்றின் பூக்கள் காய் என்று எண்ணப்படும் உருண்டைக்கு உள்ளே இருக்கின்றன. அதனுள் புகுந்து மகரந்தம் சேர்ப்பதற்கென்று இரண்டு மில்லிமீற்றர் நீளமுள்ள ஒரு குளவி இருக்கிறது. ஆலுக்கு ஒன்று, அரசுக்கு ஒன்று என்று பெரும்பாலும் ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனிக் குளவி. பெண்குளவி உருண்டையின் நுனியிலுள்ள நுண்துளை வழியே நெருக்கிக்கொண்டு உள்ளே போகும்போது அதன் சிறகுகள் பிய்ந்துவிடும். திரும்பி வர முடியாது. உள்ளே மகரந்தத்தைப் பரப்பி, முட்டையிட்டு, அங்கேயே மாளும். அதன் குஞ்சுகளில் ஆணுக்குச் சிறகே இல்லை. பிறந்து, இணை சேர்ந்து, பெண்கள் வெளியேற வழி குடைந்துவிட்டு ஆண் இறந்துபோகும். பெண் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெளியே பறந்து ஓரிரு நாளுக்குள் அதே இனத்து இன்னொரு மரத்தைத் தேடி அடைய வேண்டும். இது நடவாவிட்டால் ஆலுக்கும் அரசுக்கும் வித்து இல்லை. வித்து உள்ள பழத்தைக் குயிலும் கிளியும் காகமும் தின்று சுவர்களில் எச்சமிட்டதால்தான் அந்த மரங்கள் எழுந்தன.

பிள்ளையாருக்கு நிழல் தரும் அரசும், தட்சிணாமூர்த்தி எழுந்தருளும் கல்லாலும், ஓமத்தில் இடும் அரசு, ஆல், அத்திச் சமித்துகளும் இந்தக் குளவியின் தயவில் நிற்கின்றன. அரசமரத்தைச் சுற்றி வரும் அடியார் தலைக்கு மேலே அது பறந்துகொண்டிருக்கும். பார்க்க வேண்டுமானால் கண்ணாடி வேண்டும்.

மீண்டும் குடியமர்ந்தோர் வளவுகளைத் துப்புரவு செய்தபோது புற்றுகளையும் கண்டனர். புற்று என்றதும் நாகதம்பிரான் நினைவு வந்து பால் வார்ப்பவர்கள் உண்டு. அது நல்ல வழக்கம். ஆனால் புற்றைக் கட்டியது நாகம் அன்று, கறையான். கண்பார்வை இல்லாத வேலைக்காரக் கறையான்கள் மண்ணையும் உமிழ்நீரையும் குழைத்து, காற்றோட்டம் உள்ளதாக அந்தக் கோபுரத்தை எழுப்பி, உள்ளே காளான் பயிரிட்டு உண்கின்றன. பட்டுப்போன மரத்தையும் சருகையும் மீண்டும் மண்ணாக்குவது அவற்றின் தொழில். திருவாரூரிலே மூலவருக்கு வன்மீகநாதர், புற்றிடங்கொண்டார் என்று பெயர். திருவொற்றியூரிலும் இறைவன் புற்று வடிவினர். வான்மீகி முனிவருக்கும் பெயர் தந்தது புற்றே. கூரைமரத்தைக் கறையான் அரித்தால் மருந்து வைக்கத்தான் வேண்டும். வளவின் மூலையில் யாருக்கும் தொல்லையின்றி நிற்கும் புற்றை இடித்துத் தள்ள அந்த நியாயம் போதாது.

27 ஆண்டுகள் என்ற கணக்கு இன்னோர் இடத்திலும் வருகிறது. மயிலிட்டித் துறை விடுபட்ட அதே 2017ஆம் ஆண்டில் ஜேர்மனியிலிருந்து ஓர் ஆய்வு வெளியாயிற்று. அங்கே காப்பகங்களாகப் பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் பொறி வைத்துப் பறக்கும் பூச்சிகளைப் பிடித்து நிறுத்துப் பார்த்தார்கள். 1989இலிருந்து 2016 வரையான 27 ஆண்டுகளில் அவற்றின் மொத்த நிறை நான்கில் மூன்று பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. அந்நாட்டில் வாழும் இவ்வூர் உறவுகள் முன்பு கோடைகாலத்தில் காரோடினால் முன்கண்ணாடியில் பூச்சி அப்பிக்கொள்ளும் என்றும், இப்போது அப்படி இல்லை என்றும் சொல்வதுண்டு. இங்கே மனிதர் நுழையாத நிலத்தில் பற்றையும் புற்றும் வளர்ந்த அதே காலத்தில், அங்கே வேலியடைத்துக் காத்த நிலத்தில் பூச்சி அழிந்திருக்கிறது. சுற்றியுள்ள வயல்களில் தெளிக்கும் நஞ்சும், பூக்கள் குறைந்த ஒருபயிர்ச் செய்கையும் காரணமாகலாம் என்று கருதப்படுகிறது.

வலிகாமத்துச் செம்மண்ணில் மருந்தடிக்காத தோட்டத்தைத் தேடித்தான் காண வேண்டும். வெங்காயம், மிளகாய், புகையிலை, திராட்சை எதுவானாலும் தோளில் தெறிகருவி ஏறாத வாரம் இல்லை. பூச்சி கண்ட பின் அடிப்பது போய், பூச்சி வருமென்று அஞ்சி அடிப்பது வழக்கமாயிற்று. கமக்காரரைக் குறை சொல்வது எளிது. வட்டிக்கு வாங்கிப் பயிர் வைத்தவருக்கு ஒரு கிழமையில் எல்லாம் போய்விடும் என்ற பயம் உண்டு. ஆனால் அந்த மருந்துக்கு நண்பன் பகைவன் தெரியாது. முருங்கைப் பூவுக்கு வரும் கருவண்டு இல்லையேல் முருங்கைக்காய் குறையும். பூசணியிலும் பாகலிலும் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. தேனீ ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாவிட்டால் பிஞ்சு சூம்பி விழும். புடோல் இரவிலே பூத்து அந்துப்பூச்சிக்காகக் காத்திருக்கிறது. கத்தரிப் பூவும் தக்காளிப் பூவும் தம் மகரந்தத்தைக் குழாய்க்குள் அடைத்து வைத்திருப்பவை. சில காட்டுத் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு உடம்பை அதிரச்செய்து, ரீங்காரத்தாலேயே அதை உதிர்க்கின்றன. சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் சில பேரித் தோட்டங்களில் இந்த வேலைக்குப் பூச்சி இல்லாமல் போய், மனிதர் மரத்தில் ஏறித் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவும் நிலை வந்தது.

அடித்த மருந்து தோட்டத்தோடு நிற்பதும் இல்லை. சுண்ணக்கல் நீரை எவ்வளவு விரைவாக உள்ளே விடுகிறதோ, அவ்வளவு விரைவாக மற்றவற்றையும் விடுகிறது. வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உரத்துக்குத் திறந்த வழி பீடைகொல்லிக்கு மூடியிராது. ஆலய நந்தவனத்துச் செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் மருந்தடித்து, அந்தப் பூவையே அர்ச்சனைக்கு எடுப்பது எந்த ஆகமத்திலும் சொல்லப்படாதது. தேனீ பூவுக்கு வருவது பெரும்பாலும் காலையில். அடித்தே ஆகவேண்டிய இடத்தில் மாலை மயங்கிய பின் அடிப்பதும், பூத்திருக்கும் பயிரில் அடிக்காதிருப்பதும் செலவில்லாத காரியங்கள். மண்புழுவைப் பற்றிச் சாள்ஸ் டார்வின் 1881இல் ஒரு முழு நூலே எழுதினார், அதுவே அவரது கடைசி நூல். இங்கிலாந்தின் பல இடங்களில் ஓர் ஏக்கரில் ஆண்டுக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண்ணை அது மேலே கொணர்கிறது என்று அவர் கணக்கிட்டார்.

இங்கே ஒரு கேள்வி எழும். அப்படியானால் நுளம்பையும் கும்பிட வேண்டுமா? 2017ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டது, பலர் மாண்டனர். பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் சீவகாருண்ணியம் பேசுவது அறம் ஆகாது. நுளம்பு பெருகும் சிரட்டையையும் தயிர்ச் சட்டியையும் பழைய ரயரையும் கவிழ்த்துக் கொட்டுவது கடமை. மலேரியாவை ஒழித்த நாடு என்ற சான்றிதழை 2016இல் இலங்கை பெற்றது இப்படிப்பட்ட கவனத்தினால்தான். எனினும் நுளம்புக்குள்ளும் வேறுபாடு உண்டு. ஆண் நுளம்பு கடிப்பதே இல்லை, அது பூந்தேன் குடித்து வாழ்கிறது. டெங்கைப் பரப்புபவை ஓரிரு இனங்களே. ஆலயத் தீர்த்தக் கேணியில் தும்பியின் இளம்பருவம் நீருக்கடியில் இருந்து நுளம்புக் குடம்பிகளைப் பிடித்துத் தின்கிறது. அந்தக் கேணியில் கழிவெண்ணெயும் மருந்தும் ஊற்றினால் முதலில் சாவது தும்பி. பகைவனை அடிக்கப் போய்க் காவலனை அடித்த கதையாகிவிடும்.

மயிலிட்டி கடலால் வாழும் ஊர். கொல்லாமை என்று மட்டும் சொல்லிக் கடற்றொழில் செய்யும் அடியாரைச் சந்நிதியில் தலைகுனிய வைக்கும் பேச்சுகள் உண்டு. பெரியபுராணம் அப்படிச் செய்யவில்லை. நாகபட்டினத்துக் கடற்கரையில் வலைஞர் தலைவராக வாழ்ந்த அதிபத்தரை நாயன்மார்களுள் ஒருவராக வைத்தது. தினமும் வலையில் அகப்படும் மீன்களில் நல்ல ஒன்றைச் சிவனுக்கென்று கடலிலே திரும்ப விட்டுவிடுவது அவர் நியமம். ஒரு நாள் ஒரே ஒரு மீன்தான் அகப்பட்டது, அதையும் விட்டார். தொடர்ந்து பல நாள் அப்படியே ஆகிப் பசியால் வாடினார். பின்பு பொன்னும் மணியுமாக ஒளிர்ந்த ஒரு மீன் வந்தது, அதையும் விட்டார். தொழிலை விடும்படி இறைவன் அவரிடம் கேட்கவில்லை. பிடித்ததெல்லாம் தனக்கே என்று கொள்ளாத மனம் அவரிடம் இருந்தது.

சூடையும் நெத்தலியும் என்ன தின்று பெருகுகின்றன என்று பார்த்தால், இறால் கூட்டத்தைச் சேர்ந்த, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுயிர்கள் கோடிக்கணக்கில் நீரில் மிதக்கின்றன. விலங்குப் பிளாந்தன் என்று அவற்றைச் சொல்வர். சூடையைத் தின்று பெரிய மீன் வளர்கிறது. பவளப்பாறை மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில். 1998இல் கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடேறியபோது இலங்கையைச் சுற்றியிருந்த பவளங்களில் பெரும்பகுதி வெளிறி மடிந்தது. கடலட்டை அருவருப்பான தோற்றம் உடையது, ஆனால் மணலை விழுங்கி அதிலுள்ள அழுகலைச் செரித்துத் தூய மணலை வெளிவிடும் அது, கடலடிக்கு மண்புழு போன்றது. உலர்த்திக் கப்பலேற்றினால் நல்ல விலை போவதால் காட்டுத்தனமாக அள்ளப்பட்டு, பிற்காலத்தில் பண்ணை வைத்து வளர்க்கும் நிலையும், அந்தப் பண்ணைகளால் கரைவலைக்காரருக்கும் களங்கட்டிக்காரருக்கும் இடையூறு என்ற பிணக்கும் வந்தன.

சங்கு மணற்பாங்கான கடலடியில் வாழ்ந்து, மணலுக்குள் இருக்கும் புழுக்களைத் தின்பது. இழுவைமடி அந்த அடியை உழுது வாரிக்கொண்டு போகும்போது சங்கும் போகும், அதன் முட்டைக்கூடும் போகும், அது தின்னும் புழுவும் போகும். இலங்கைப் பாராளுமன்றம் 2017 ஜூலையில் இழுவைமடித் தொழிலைத் தடைசெய்து சட்டம் இயற்றியது, மயிலிட்டித் துறைமுகம் விடுபட்ட அதே மாதத்தில். சட்டத்தின் பின்னும் அயல்நாட்டு இழுவைப் படகுகள் வருவதும், பிடிபட்டவை மயிலிட்டித் துறையிலேயே கட்டிவைக்கப்படுவதும் ஊரவர் கண்டதுதான். ஆனால் இந்தப் பக்கத்துக் கரைகளிலும் தடையை மீறி இழுவைமடி போட்டவர்கள் இல்லாமல் இல்லை.

முட்டை சுமந்த சிங்க இறாலைப் பிடிப்பது சட்டப்படி தடை. வயிற்றின் கீழே செம்மஞ்சள் முத்துகள் போலக் கொத்தாக ஒட்டியிருக்கும் முட்டைகளைத் தூரிகையால் உரசி எடுத்துவிட்டு விற்பவர்களும் உண்டு என்பதைத் தொழிலாளர்களே சொல்வார்கள். ஒரு தாயிடம் இலட்சக்கணக்கில் முட்டை இருக்கும். முட்டை நண்டுக்குச் சட்டம் அவ்வளவு இறுக்கமாக இல்லாவிட்டாலும் கணக்கு அதுவேதான். வலையில் சிக்கிய முட்டைச் சிங்க இறாலைச் சிக்கெடுத்து, உயிரோடு இருக்கும்போதே படகின் ஓரத்தால் நீரில் விடுவதற்கு அரை நிமிடம் போதும். நாகபட்டினத்து வலைஞர் தலைவர் நாள்தோறும் செய்த பூசை அந்த அரை நிமிடந்தான்.